நாற்காலிக்கு பனியன் போடப் போனவன்

ஹாலந்துக்கு நான் தூக்கிக்கொண்டு போன பெட்டியில் என்னுடைய துணி கால்வாசிதான். மீதி முக்கால்வாசி நாற்காலிகளுடையது. மூன்று நாற்காலிக்கான உடுப்பு, நல்ல செங்கல் நிறத்தில், இஸ்திரி போட்டு மடித்து, பாலித்தீன் கவரில் பத்திரமாக இருந்தது. எனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்க வேண்டும் என்பதுதான் மறந்துபோனது. நாற்காலி குளிரில் நடுங்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தவன், தன்னை மறந்துவிட்டான். என் மூளை எப்போதும் இந்த லட்சணத்தில்தான் வேலை செய்யும்.

திருப்பூரில் நானும் ஜமால் பாயும் கூட்டாக ஒரு சின்ன பனியன் கம்பெனி வைத்திருந்தோம். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். ஜமால் பாய் ஐந்தாவது. இரண்டு பேரையும் சேர்த்துக் கூட்டினால் எட்டாவது பாஸ். பெரிய கம்பெனிக்காரர்கள் ஆர்டர் வாங்குவார்கள், நாங்கள் தைத்துக் கொடுப்போம், பெட்டியின் மேல் அவர்கள் பெயர் ஏறும், கப்பலும் ஏறும். எங்கள் பெயர் எங்கள் கதவைத் தாண்டியதே இல்லை.

அப்போது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஃபேக்ஸ் மிஷின் வைத்திருந்தவன் எல்லாம் எக்ஸ்போர்ட்டர் என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலம். எங்களுக்குத் தெரிந்த ஏஜென்ட் ஒருவர் சரக்கு வாங்குகிற ஒரு வினோதமான பையரைப் பிடித்துக் கொடுத்தார். ஆன்னெக்கா என்று ஒரு அம்மா. ஹாலந்தில் ராட்டர்டாம் என்கிற ஊரில் நூலகம் கட்டுகிறார். கட்டடத்தையும் அவரேதான் வரைந்தார், உள்ளே உட்கார்ந்து படிக்கிற நாற்காலியையும் அவரேதான் வரைந்தார். அந்த நாற்காலிக்குப் பின்னலாடைத் துணியில் உறை வேண்டுமாம். சாம்பிள் ஓகே ஆனால் எங்கள் பெயரிலேயே முதல் ஏற்றுமதி. ஓகே ஆகாவிட்டால் பழையபடி அடுத்தவன் பனியனுக்குக் கழுத்துப்பட்டி தைக்க வேண்டியதுதான்.

படம் ஃபேக்ஸில் வந்தது. கட்டிங் டேபிள்மேல் விரித்து, சுருண்டு கொள்ளாமல் நான்கு மூலையிலும் நூல் கோன் வைத்துவிட்டுச் சுற்றி நின்று பார்த்தோம். ஒரே தாளில் மூன்று படம். எங்கள் கட்டிங் மாஸ்டர் அந்தோணி, திருநெல்வேலிக்காரர், தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, முதல்ல இருக்கது ஜன்னல் சட்டம் மாதிரி இருக்கு. ரெண்டாவது அஞ்சாம் நம்பரு, மேல உள்ள தொப்பியைக் கழட்டி வச்சிருக்கு. மூணாவது தலகாணி. இதுல எதத் தைக்க?"

"மூணையுந்தான் தைக்கோணும் மாஸ்டர். மூணு படம், மூணு ஸ்டைலு" என்றேன்.

ஜமால் பாய் தாடியைத் தடவினார். "ஏனுங்க பழனி, ஒரே நாற்காலியா இருந்துட்டா?"

"அட, நீங்க ஒண்ணு பாய். ஒரு நாற்காலிக்கு எதுக்குங்க மூணு படம்? கல்யாணப் பொண்ணா அது, சுத்திச் சுத்திப் படம் புடிக்க?"

எல்லாரும் சிரித்தார்கள். தொழிலில் சிரிப்பு வாங்கிவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. என்னையும் முழு முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. பனியனுக்கும் முன்பக்கம், பின்பக்கம் என்று வரைந்து அனுப்புவார்கள். ஆனால் முன்னால் பார்த்தாலும் பின்னால் பார்த்தாலும் அது பனியன் மாதிரியேதான் இருக்கும். பக்கவாட்டிலிருந்து பனியனை யாராவது வரைந்து பார்த்திருக்கிறீர்களா? தலைக்கு மேலே ஏறி நின்று?

ஆக மூன்று உறை தைத்தோம். ஜன்னலுக்கு ஒன்று, தொப்பி இல்லாத ஐந்துக்கு ஒன்று, தலையணைக்கு ஒன்று. பெட்டி கட்டும்போது ஜமால் பாய் தன் வீட்டு எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து, மிஞ்சிக் கிடந்த அதே செங்கல் நிறத் துணியில் நீளமாகச் சுற்றி உள்ளே வைத்தார். "பாட்டிலு ஒடஞ்சா சாம்பிளு போச்சு, சாம்பிளு போச்சுன்னா நாம போனோம்" என்று சொல்லி மேலும் இரண்டு சுற்றுச் சுற்றினார்.

விமான நிலையத்தில் என்னை அழைத்துப்போக ஏஜென்ட் ஒரு ஆளை அனுப்பியிருந்தார். சிவநேசன், யாழ்ப்பாணத்துக்காரர். ஊரில் சண்டை என்று ஹாலந்துக்கு வந்து வருடங்கள் ஆகின்றனவாம். டச்சு பேசுவார்.

"வாங்கோ அண்ணை. ஜாக்கெட் போடேல்லையோ?" என்றார்.

"பொட்டில சாம்பிளுதானுங்க இருக்குது."

"சாம்பிளைப் போட்டுக்கொண்டு நடவுங்கோவன், விறைச்சுப் போயிடுவியள்."

அவர் அன்றைக்கு விளையாட்டாகச் சொன்னார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த சிறந்த ஆலோசனை அதுதான் என்பது பிறகு தெரிந்தது.

வெளியே வந்ததும் காற்று என்னைக் கன்னத்தில் அறைந்தது. நல்ல கோட் சூட் போட்ட பெரிய மனிதர்கள் எல்லாம் சைக்கிளில் போகிறார்கள். எங்கள் ஊரில் ஒருவன் மொபெட் வாங்கிவிட்டால் முதல் வேலையாகச் சைக்கிளைத் தானம் கொடுத்துவிடுவான். இங்கே கார் வைத்திருப்பவனும் காரை வீட்டில் நிறுத்திவிட்டு மிதிக்கிறான். மேடு என்பதே நாட்டில் இல்லை. யாரோ நாடு முழுவதையும் இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை, தங்கியிருந்த விடுதியில் பலகாரம். பிரெட்டில் வெண்ணெய் தடவி, அதன் மேல் எலிப் புழுக்கை தூவிக் கொடுத்தார்கள். நான் சிவநேசனைப் பார்த்தேன். அவர் பாட்டுக்குத் தின்கிறார். கண்ணை மூடிக்கொண்டு கடித்தேன். சாக்லேட். பெரியவர்கள், அதுவும் கணக்குப் பிள்ளை மாதிரி கண்ணாடி போட்டவர்கள், காலையில் சாக்லேட் தூவிச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிற நாடு. இந்த நாட்டில் ஆர்டர் கிடைக்காமல் போகாது என்று தைரியம் வந்தது.

ராட்டர்டாமுக்கு ரயில். பெட்டியைச் சிவநேசனிடம் ஒப்படைத்துவிட்டுக் கக்கூஸைத் தேடி முன்பக்கமாகப் போனேன். வேலை முடிந்து திரும்பும்போது ஜன்னலோரம் இருந்த ஒரு பாட்டியம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, பக்கத்தில் உட்காரவைத்து, கறுப்பாக ஒரு மிட்டாய் கொடுத்தார். வாயில் போட்டால் உப்பு. மிட்டாய்க்குள் ஏன் உப்பு போடுகிறார்கள், யார் மேல் கோபம் என்று யோசித்துக்கொண்டே ஒரு ஸ்டேஷனில் ரயில் நின்றதையும் கிளம்பியதையும் கவனிக்கவில்லை. துப்பவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் எழுந்து, நாங்கள் ஏறிய ரயில் பெட்டிக்குத் திரும்பப் போனேன். கடைசிக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த பெட்டி இல்லை. அது இருந்த இடத்தில் தண்டவாளமும் நான்கு மாடும் இருந்தன.

அந்த நாட்டில் ரயிலை நடுவழியில் இரண்டாக அவிழ்த்து, முன்பாதியை ஒரு ஊருக்கும் பின்பாதியை இன்னொரு ஊருக்கும் அனுப்புவார்களாம். பேன்ட்டுக்குத் துணி வெட்டுகிற மாதிரி. என் சாம்பிள் ராட்டர்டாமுக்குப் போய்விட்டது. நான் தி ஹேக் என்கிற ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

பாட்டியம்மாவிடம் ஓடினேன். "ஆத்தா, என்ற பொட்டி போயிருச்சுங்க! நாற்காலித் துணியெல்லாம் அதுலதானுங்க!"

அவர் டச்சில் ஏதோ நீளமாகச் சொன்னார். நான் கொங்குத் தமிழில் இன்னும் நீளமாகச் சொன்னேன். ஒருவர் பேசும்போது ஒருவர் குறுக்கிடவே இல்லை. அவ்வளவு மரியாதையான உரையாடலை நான் என் பங்காளிகளிடம்கூட நடத்தியதில்லை. கடைசியில் சட்டைப் பையில் இருந்த முகவரிச் சீட்டை நீட்டினேன். பார்த்தார், நெற்றியில் அடித்துக்கொண்டார். இறங்கியதும் என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இன்னொரு ரயிலில் ஏற்றி, கார்டிடம் என்னைக் காட்டி விரலை ஆட்டி ஏதோ உத்தரவு போட்டார். கிளம்பும்போது என் கையில் மிட்டாய்ப் பொட்டலத்தையே திணித்துவிட்டார். இந்த மாதிரி அன்புக்கு என்ன பதில் செய்வது? தின்றேன்.

ராட்டர்டாமில் மழை. முகவரிச் சீட்டைக் காட்டிக் காட்டி நடந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடிக் கட்டடம். ஒரு இடத்தில் வீடுகளையே ஒரு முனையில் நிற்கிற மாதிரி சாய்த்துத் தூக்கி வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் ரசம் ஊற்றிச் சாப்பிட்டால் எந்தப் பக்கம் ஓடும் என்று கொஞ்ச நேரம் நின்று யோசித்ததில் இன்னும் நனைந்தேன்.

ஆன்னெக்கா அம்மாவின் ஆபீசுக்குள் நுழைந்தபோது, பெட்டி எனக்கு முன்னால் வந்து திறந்தும் கிடந்தது. சிவநேசன் சரக்கு ரிஜக்ட் ஆன முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மா நல்ல உயரம், வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். தொப்பி இல்லாத ஐந்துக்குள் கையைத் தோள்வரை விட்டு, மறுமுனை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இது ஆருக்கு எண்டு கேக்கிறா" என்றார் சிவநேசன்.

"நாற்காலிக்குங்க."

"எந்த நாற்காலிக்கு எண்டு கேக்கிறா."

"ரெண்டாம் நம்பரு நாற்காலிக்குங்க."

அவர் மொழிபெயர்த்தார். அந்த அம்மா உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தார். இரும்புக் குழாயை வளைத்துச் செய்தது. உட்காரும் இடத்திலும் சாயும் இடத்திலும் ஒன்றுமே இல்லை, வெறும் சட்டம்.

"மீதி ரெண்டும் எங்கீங்க?" என்றேன்.

சிவநேசன் அதை மொழிபெயர்க்க மாட்டேன் என்று தலையை ஆட்டினார். ஆனால் அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மேஜையிலிருந்த ஒரு துண்டு சீஸை எடுத்து என் கண்ணுக்கு நேரே பிடித்து முன்பக்கத்தைக் காட்டினார். திருப்பிப் பக்கவாட்டைக் காட்டினார். கீழே வைத்து, மேலே இருந்து பார்க்கச் சொன்னார்.

"மூண்டு சீஸோ, ஒண்டோ எண்டு கேக்கிறா."

"ஒண்ணுதானுங்க" என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அன்றைக்கு உடம்பில் சூடாக இருந்த இடம் அது ஒன்றுதான்.

வீடு கட்டுகிறவர்கள் அப்படித்தான் வரைவார்களாம். மேலிருந்து ஒன்று, முன்னாலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று. "நாற்காலி எண்டா ஒரு ஆள் குடியிருக்கிற கட்டடமாம். அதாலை அப்பிடித்தான் கீறுவாவாம்" என்றார் சிவநேசன். நானோ ஒரு கட்டடத்தை மூன்று வீடாகப் பாகம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பூட்டுப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன்.

பேச்சை மாற்றலாம் என்று நாற்காலியைச் சுற்றி வந்தேன். அப்போதுதான் பார்த்தேன். முன்னால் இரண்டு கால் இருக்கிறது. பின்னால் ஒன்றுமே இல்லை.

"பின்னங்காலு ரெண்டும் எங்கீங்க? எங்க பொட்டியாட்ட வேற ரயில்ல போயிருச்சுங்களா?"

இதை மட்டும் சிவநேசன் சந்தோஷமாக மொழிபெயர்த்தார். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டு, கண்ணாடிச் சுவர் வழியாக எதிரே இருந்த நூலகக் கட்டடத்தைக் காட்டினார். அதன் மாடி வீதிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது, அடியில் தூண் இல்லாமல். நீட்டின கை மாதிரி. அதே கணக்குதானாம் இந்த நாற்காலியும். எனக்குச் சட்டென்று விளங்கியது எங்கள் வீட்டு சன்ஷேடை நினைத்துத்தான். அதற்கும் தூண் கிடையாது. மழைக்கு அதன் அடியில் ஒதுங்கியிருக்கிறேனே தவிர, மேலே ஏறி உட்காரலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆனால் சிரிப்பு முடிந்ததும் விஷயம் வந்தது. மறுநாள் காலை நூலகக் கமிட்டி வருகிறது. நாற்காலி உடுப்போடு இருந்தால் பார்த்து முடிவு சொல்வார்கள். இல்லாவிட்டால் பக்கத்திலேயே தோல் உறை போட்டுக் கொடுக்க ஒரு கம்பெனி தயாராக இருக்கிறதாம்.

தெருமுனை பூத்திலிருந்து ஜமால் பாய்க்குப் போன் போட்டேன்.

"சாம்பிளு பாத்தாங்களா பழனி?"

"பாத்தாங்க பாய். மூணையும் பாத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க பாய்."

"சிரிச்சாங்கன்னா நல்லதுதானுங்களே?"

அதற்குப் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே காசு தீர்ந்து லைன் அறுந்துவிட்டது. அந்தப் பூத் மிஷினுக்குக் கோயில் கட்டலாம்.

திரும்பி வந்தபோது பல் தந்தி அடித்தது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. பெட்டியைக் கிளறினேன். என் துணியில் கனமானது ஒரு துண்டுதான். ஊறுகாய் பாட்டில் கையில் தட்டுப்பட்டது. சுற்றியிருந்த துணியை உருவ உருவ வந்துகொண்டே இருந்தது. எங்கள் ஊர் மிஷின் வட்டமாகச் சுற்றிப் பின்னும், துணி கீழே குழாயாகத்தான் இறங்கும். இதுவும் வெட்டாத குழாய்தான். சிவநேசன் முதல் நாள் சொன்னது ஞாபகம் வந்தது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, துணியைத் தலைவழியாக மாட்டி முட்டிவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். கையை வெளியே விட ஓட்டை கிடையாது. தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. செங்கல் நிறத்தில் ஒரு கூட்டுப்புழு. அப்படியே தத்தித் தத்திப் போய், அந்தக் காலில்லாத நாற்காலியின் விளிம்பில் சாய்ந்தேன்.

ஆன்னெக்கா அம்மா உள்ளறையிலிருந்து வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை ஒரு சுற்றுச் சுற்றினார். எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று.

"தையல் எங்கை எண்டு கேக்கிறா அண்ணை."

"தையலே இல்லீங்க. மிசின்ல இருந்து இப்படியேதானுங்க வரும்."

"ஒரு பக்கமும் இல்லையோ எண்டு கேக்கிறா."

"ஒரு பக்கமும் இல்லீங்க. கொழாய்ல ஏதுங்க தையலு?"

அந்த அம்மா நாற்காலியின் குழாயைத் தடவினார். என் தோளைத் தடவினார். மறுபடியும் குழாயை. பிறகு சத்தமாக ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"கழட்டட்டாம்" என்றார் சிவநேசன்.

"ஐயையோ, இங்கயேங்களா?"

கழற்றினேன். அந்த அம்மா தன் கோட்டை எடுத்து என் மேல் எறிந்துவிட்டுத் துணியைப் பிடுங்கிக்கொண்டார். நாற்காலியின் தலையில் மாட்டினார். குளித்துவிட்டு வந்த குழந்தைக்கு பனியன் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? உடம்பில் ஈரமும் மனதில் அடமும் இருக்கும். அப்படி இருந்தது. அவர் ஒரு பக்கம் இழுக்க, சிவநேசன் ஒரு பக்கம் இழுக்க, நான் கோட்டுக்குள் கையைத் தேடிக்கொண்டே வாயால் இழுத்தேன். முதுகைத் தாண்டி, வளைவில் திரும்பி, உட்காரும் இடம்வரை வழுக்கிக்கொண்டு போய் நின்றது. ஒரு தையல் இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. அளவெடுத்த மாதிரி இருந்தது. அளவெடுத்துத் தைத்த மூன்றும் பொருந்தாமல், அளவே எடுக்காத ஊறுகாய்த் துணி பொருந்தியது.

"இருந்து பாக்கச் சொல்லுறா."

உட்கார்ந்தேன். துணி இறங்கிக்கொண்டே போனது, நானும் போனேன். பின்பக்கம் தரைக்குப் பக்கத்தில், முட்டி இரண்டும் காதுக்குப் பக்கத்தில், நடுவில் நான். என் கையைப் பிடித்து இருவரும் தூக்கினார்கள். எங்கள் கம்பெனியிலிருந்து என்னைப் போலக் குண்டாக இல்லாமல் ஒல்லியான ஆள் வந்திருந்தால் இந்தக் குறை யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். என் உடம்பு தொழிலுக்கு உதவியது அன்றைக்குத்தான்.

ஜமால் பாய் பாட்டிலுக்குத் தாராளமாகச் சுற்றியிருந்ததால் துணி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா அதைத் திருப்பி, மேலேயே இன்னொரு அடுக்காக ஏற்றி இறுக்கினார். பனியனுக்கு மேல் பனியன். மறுபடி உட்கார்ந்தேன். தாங்கியது. தாங்கியது மட்டுமில்லை, மெதுவாக ஒரு முறை மேலும் கீழும் ஆடிக்கொடுத்தது. பின்னங்கால் இல்லாத பயம் போய், வேண்டுமென்றே இன்னொரு முறை ஆடினேன். பிறகு அந்த அம்மா ஆடினார். பிறகு சிவநேசன். வெளியே மழை, உள்ளே மூன்று பெரியவர்கள் ஒரு நாற்காலிக்கு வரிசையில் நின்றோம்.

காலையில் கமிட்டி வந்தது. யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடி போட்ட ஒருவர் நாற்காலியை வழக்கு விசாரிக்கிற மாதிரி பார்த்துவிட்டு, பிள்ளைகள் படிக்கிற இடம், அழுக்கானால் என்ன செய்வது என்று கேட்டார். இதற்கு எனக்கு மொழி தேவைப்படவில்லை. நாற்காலியின் பனியனைத் தலைவழியாக உருவிக் கழற்றினேன், துவைத்துப் பிழிந்து உதறுகிற மாதிரி நடித்தேன், பாதியில் கூச்சப்பட்டு வெறும் நாற்காலியை என் உடம்பால் மறைத்துக்கொண்டேன். மறுபடி போட்டுவிட்டேன். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்தார். ஒரு முறை ஆடினார். யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு இன்னொரு முறை ஆடினார். எழுந்திருக்காமலேயே ஏதோ சொன்னார்.

"என்னுங்க சொல்றாரு?" என்றேன்.

"தன்ரை பிள்ளையளுக்கே தான் இவ்வளவு கெதியா உடுப்பு மாத்தினதில்லையாம். ஓகேயாம் அண்ணை! ஓகே!"

நான் சிவநேசனைக் கட்டிப் பிடித்தேன். நாற்காலியையும் கட்டிப் பிடித்தேன். கண்ணாடிக்காரர் இன்னும் அதில்தான் இருந்தார், அவரையும் சேர்த்து.

அன்று சாயங்காலம் சிவநேசன் அறையில் நான் அரிசிம்பருப்பு சோறு ஆக்கினேன். ஆன்னெக்கா அம்மா சைக்கிளில் வந்தார். தொப்பி இல்லாத ஐந்தைக் கழுத்தில் மப்ளராகச் சுற்றியிருந்தார், நன்றாகத்தான் இருந்தது. ஊறுகாயைச் சீஸோடு சேர்த்துத் தின்று கண்ணீர் விட்டார், மறுபடி கேட்டார். போகும்போது சொன்னார், சிவநேசன் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்: "இனி உங்களுக்குப் படம் அனுப்ப மாட்டாவாம். நாற்காலியையே கொண்டு போங்கோவாம்."

வரும்போது நாற்காலித் துணியோடு வந்தவன், திரும்பும்போது நாற்காலியோடு போனேன். நம்ம ஊர் கஸ்டம்ஸ் அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பின்னங்கால் ரெண்டும் எங்கய்யா? உடைஞ்ச சாமானையா இவ்வளவு தூரம் தூக்கிட்டு வர்றே?" என்று பரிதாபப்பட்டு அனுப்பிவிட்டார். அவர் மனசு மாறுவதற்குள் நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

திருப்பூரில் கம்பெனியே சுற்றி நின்றது. ஆர்டர் ஓகே என்று சொன்னதும் விசில் பறந்தது. ஜமால் பாய் என் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தார். ஆனால் உட்காருங்கள் என்று நாற்காலியைத் தள்ளினால் ஒருவரும் கிட்ட வரவில்லை.

"அதுவா நிக்குதே, அதுவே பெருசு அண்ணாச்சி" என்றார் அந்தோணி மாஸ்டர். "எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு."

மறுநாள் காலை கம்பெனிக்குப் போனால், உட்காரும் இடத்துக்கு அடியில், பின்பக்கம், இரண்டு ஓரத்திலும் செங்கல் அடுக்கி வைத்திருந்தது. துணியின் நிறத்துக்கும் செங்கலின் நிறத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. யார் வேலை என்று கேட்டேன். எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள்.

ஒவ்வொரு செங்கலாக எடுத்து வெளியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். நாற்காலி ஒரு முறை மெதுவாக ஆடிக்கொடுத்தது. "பாத்தீங்களா? காலே இல்லாம நிக்குது. இதாம் பாய் மாடர்னு!" என்று கையை விரித்து இன்னும் பலமாக ஆடினேன். பவர் டேபிளில் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் மிஷினை நிறுத்திவிட்டுக் கை தட்டினார்கள்.

"ஆமாங்க, ஆமாங்க, சூப்பருங்க" என்றார் ஜமால் பாய், என் பின்னால் நின்று.

திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையாலும் நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.